வீடியோ எடிட்டிங் அறைக்கு டிஸ்க் அமைக்கும் முறை

ஒரு கல்யாண வீடியோவை எடுத்துக்கொள்வோம். முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் விடியலில் முகூர்த்தம். மூன்று கேமராக்கள், ஒவ்வொன்றிலும் சுமார் ஐந்து மணி நேரப் பதிவு. எல்லாமே 4கே அளவில், நொடிக்கு 100 மெகாபிட் வீதத்தில், எச்.264 என்ற சுருக்கும் முறையில் பதிவானவை. இந்த வேலைக்கு எவ்வளவு இடம் வேண்டும், எவ்வளவு வேகம் வேண்டும், எந்த டிஸ்க்கில் எதை வைக்க வேண்டும், அவற்றில் ஒன்று பழுதானால் எது மிஞ்சும் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டால், குறும்படமோ ஆவணப்படமோ விளம்பரமோ எதை எடிட் செய்பவருக்கும் அதே முறை பொருந்தும்.

வேகம், பாதுகாப்பு ஆகிய இரண்டும் வெவ்வேறு தேவைகள். ஒரே டிஸ்க்கிடம் இரண்டையும் எதிர்பார்ப்பதால்தான் பல எடிட்டிங் அறைகளில் பணமும் வீணாகிறது, ஃபுட்டேஜும் தொலைகிறது. எவ்வளவு வேகம் தேவை என்பதை ஒரு தாளில் கணக்கிட்டுவிடலாம். பெரும்பாலும் அது நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். அதனால் மிச்சமாகும் பணத்தை இரண்டாவது பிரதிக்கும் மூன்றாவது பிரதிக்கும் செலவிடுங்கள் என்பதே நான் இங்கே வற்புறுத்த விரும்புவது. தாலி கட்டும் காட்சியை நமக்காக மறுபடி நடத்த மாட்டார்கள்.

முதலில் கணக்கு

கேமரா தன் பதிவு வீதத்தை மெகாபிட்டில் சொல்கிறது. டிஸ்க் தயாரிப்பாளர் தன் வேகத்தை மெகாபைட்டில் சொல்கிறார். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே நொடிக்கு 100 மெகாபிட் என்பது 12.5 மெகாபைட், ஒரு மணி நேரத்துக்கு 45 கிகாபைட், நம் பதினைந்து மணி நேரப் பதிவுக்கு 675 கிகாபைட். மூன்று கேமராக்களின் காட்சியையும் மல்டிகேம் முறையில் ஒரே நேரத்தில் ஓட்டினாலும் டிஸ்க்கிலிருந்து வர வேண்டியது நொடிக்கு 37.5 மெகாபைட் மட்டுமே. பத்து ஆண்டுகளுக்கு முந்தைய ஹார்டு டிஸ்க்கும் இதைத் தாண்டிவிடும்.

அதே ஃபுட்டேஜை, எடிட்டிங்குக்கென ஆப்பிள் உருவாக்கிய புரோரெஸ் முறைக்கு மாற்றினால் கணக்கு தலைகீழாகிவிடும். 3840க்கு 2160 அளவில், நொடிக்கு 25 ஃபிரேம் வீதத்தில், புரோரெஸ் 422 எச்கியூ நொடிக்கு 737 மெகாபிட் கேட்கிறது. அதாவது சுமார் 92 மெகாபைட். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 332 கிகாபைட். மூன்று கேமராவுக்கு நொடிக்கு 276 மெகாபைட் என்றால் அது ஒற்றை ஹார்டு டிஸ்க்கால் ஆகாத காரியம். சாதாரண சாட்டா (பழைய கேபிள் இணைப்பு வகை) எஸ்எஸ்டிக்கோ அது எளிது. புரோரெஸ் எல்டி எடுத்துக்கொண்டால் 342 மெகாபிட். 1080 அளவில் புரோரெஸ் ப்ராக்ஸி, அதாவது எடிட்டிங்குக்கு மட்டும் பயன்படும் இலகுவான நகல், செய்துகொண்டால் 38 மெகாபிட்தான். பதினைந்து மணி நேரத்துக்கும் சேர்த்து 260 கிகாபைட்டுக்குள் அடங்கிவிடும்.

இப்படி உங்கள் வேலைக்கு இரண்டு எண்களை எழுதிக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் எத்தனை காட்சிகள் ஓட வேண்டும், அவற்றின் வீதம் என்ன என்பதன் பெருக்கம் முதல் எண். அதை இரண்டால் பெருக்கி வைத்துக்கொண்டால் கேச் எனப்படும் தற்காலிகக் கோப்புகளை எழுதுவது, ஒலி, கிராஃபிக்ஸ் ஆகியவற்றுக்கும் இடம் இருக்கும். ஒரே நேரத்தில் கையில் எத்தனை வேலைகள் முடியாமல் இருக்கும் என்பது இரண்டாவது எண். முகூர்த்த மாதங்களில் ஒரு சிறிய ஸ்டுடியோவில் எட்டுக் கல்யாணங்கள் ஆல்பமும் வீடியோவும் கொடுக்கப்படாமல் காத்திருப்பது வழக்கம்தான். எட்டு என்றால் 5.4 டெராபைட். பெட்டியில் 4 டெராபைட் என்று அச்சிட்ட டிஸ்க்கை விண்டோஸ் 3.63 டெராபைட் என்று காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024 ஆல் வகுக்கிறது. யாரும் நம்மை ஏமாற்றவில்லை. ஆனால் கணக்கில் பத்தில் ஒரு பங்கு குறையும்.

தடுமாற்றம் டிஸ்க்கால் வருகிறதா என்று பாருங்கள்

டைம்லைன் திக்கித் திக்கி ஓடுகிறது என்றவுடன் வேகமான எஸ்எஸ்டி வாங்கியவர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்களில் பாதிப் பேருக்குத் தடுமாற்றம் அப்படியே இருந்தது. எச்.264, எச்.265 ஆகியவற்றில் ஒவ்வொரு ஃபிரேமும் முழுதாகச் சேமிக்கப்படுவதில்லை. பல ஃபிரேம்களுக்கு ஒரு முறைதான் முழுப் படம் இருக்கும். இடைப்பட்டவை முன்னும் பின்னும் உள்ள படங்களிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டுமே சொல்லும். நீங்கள் டைம்லைனில் ஒரு புள்ளியைத் தொட்டால், மென்பொருள் அதற்கு முந்தைய முழுப் படத்தைத் தேடிப்போய் அங்கிருந்து ஒவ்வொன்றாகக் கட்டியெழுப்பிக்கொண்டு வர வேண்டும். அந்த உழைப்பு பிராசஸருக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் உரியது, டிஸ்க்குக்கு அதில் பங்கு குறைவு. குறிப்பாக 10 பிட் 4:2:2 எச்.265 ஃபுட்டேஜை விரித்துக் காட்டும் வன்பொருள் வசதி பல கிராஃபிக்ஸ் கார்டுகளில் கிடையாது. இன்டெல்லின் 11ஆம் தலைமுறையிலிருந்து பிராசஸருக்குள்ளேயே வரும் கிராஃபிக்ஸிலும், ஆப்பிளின் எம் வரிசைச் சிப்புகளிலும் அது உண்டு.

கண்டுபிடிப்பது எளிது. டைம்லைனை ஓடவிட்டு விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நின்றால் குற்றம் டிஸ்க்குடையது. டிஸ்க் பத்து சதவீதத்தில் சும்மா இருக்க, பிராசஸரோ வீடியோ டிகோடோ உச்சத்தில் இருந்தால், புது டிஸ்க்குக்குப் பதிலாக ப்ராக்ஸி செய்துகொள்ளுங்கள். ஓர் இரவு கம்ப்யூட்டரை ஓடவிட்டால் போதும், செலவே இல்லாமல் காரியம் முடியும்.

எதை எங்கே வைப்பது

நொடிக்கு 37.5 மெகாபைட்தான் தேவை என்றால் ஹார்டு டிஸ்க்கிலேயே வைத்து எடிட் செய்யலாமே என்று தோன்றும். காட்சி தொடர்ச்சியாக ஓடும்வரை அது உண்மை. ஆனால் எடிட் செய்பவர் தொடர்ச்சியாக ஓட்டிக்கொண்டிருப்பதில்லை. குதிக்கிறார், பின்னே இழுக்கிறார், மூன்று கேமராக்களுக்கிடையே தாவுகிறார். நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் டிஸ்க் ஒரு முறை சுற்றிவர 8.3 மில்லிநொடி ஆகிறது. வேண்டிய இடம் படிக்கும் தலைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அதில் பாதி. தலை வேறு தடத்துக்கு நகர மேலும் எட்டு ஒன்பது மில்லிநொடி. ஆக ஒவ்வொரு தாவலுக்கும் பன்னிரண்டு மில்லிநொடிக்கு மேல் போய்விடுகிறது. ஒரு நொடியில் எண்பது தாவல்களைக்கூட அது தாண்டாது. எஸ்எஸ்டியில் இதே வேலை ஒரு மில்லிநொடியில் பத்தில் ஒரு பங்கில் முடிகிறது. எடிட்டிங்கில் எஸ்எஸ்டியின் உண்மையான பயன் இந்தத் தாவலில்தான் இருக்கிறது. விளம்பரத்தில் பெரிதாக அச்சிடப்படும் நொடிக்கு 7000 மெகாபைட் என்ற எண்ணைக் கல்யாண வீடியோ ஒருபோதும் தொடாது.

ஆகவே நான் பரிந்துரைக்கும் அமைப்பு இதுதான். சி டிரைவாக ஓர் எஸ்எஸ்டி. அதில் விண்டோஸும் மென்பொருள்களும் மட்டும். வேலை டிஸ்க்காக இரண்டு முதல் நான்கு டெராபைட் என்விஎம்இ (மதர்போர்டில் நேரடியாகப் பொருத்தும், சாட்டாவைவிட வேகமான வகை) எஸ்எஸ்டி. இப்போது கையில் எடுத்திருக்கும் இரண்டு மூன்று கல்யாணங்களின் ஃபுட்டேஜும் ப்ராக்ஸியும் அதில். கேச், பிரிவ்யூ கோப்புகளுக்கு முடிந்தால் ஒரு டெராபைட் அளவில் தனி எஸ்எஸ்டி. அது இரவு பகலாக எழுதியழிக்கப்படும் என்பதால் முதலில் தேய்ந்துபோவது அதுதான். அதில் உள்ளது எதுவும் மறுபடி உருவாக்கக்கூடியது என்பதால் அது போனாலும் இழப்பில்லை. பணம் போதாவிட்டால் கேச்சையும் வேலை டிஸ்க்கிலேயே வையுங்கள். சி டிரைவில் வைக்காதீர்கள். சி டிரைவ் நிரம்பினால் விண்டோஸே நின்றுவிடும். காத்திருக்கும் கல்யாணங்களும் முடிந்த வேலைகளும் பெரிய ஹார்டு டிஸ்க்குகளில் இருக்கட்டும். அங்கே கொள்ளளவுதான் முக்கியம், தாவல் இல்லை.

மதர்போர்டில் இந்த எஸ்எஸ்டிகள் பொருந்தும் எம்.2 இடங்களில் இரண்டாவதையும் மூன்றாவதையும் பயன்படுத்துவதற்கு முன் அதன் கையேட்டை ஒரு முறை படியுங்கள். சில மதர்போர்டுகளில் ஓர் எம்.2 இடத்தில் எஸ்எஸ்டி பொருத்தியவுடன் இரண்டு சாட்டா இணைப்புகள் வேலை செய்யாமல் போகும். டிஸ்க் பழுதாகிவிட்டதென்று பதறுவதற்கு முன் அதைப் பார்க்க வேண்டும்.

வெளியே இணைக்கும் டிஸ்க்குகளில் கேபிள்தான் பெரும்பாலும் வில்லன். டைப்-சி முனை இருப்பதாலேயே ஒரு கேபிள் வேகமானதாகிவிடாது. போனுடன் வந்த சார்ஜிங் கேபிள்களில் பெரும்பாலானவை யுஎஸ்பி 2.0 வேகத்திலேயே தரவைக் கடத்துகின்றன. அதில் நொடிக்கு 35 முதல் 40 மெகாபைட்தான் வரும். நம் 675 கிகாபைட்டை நகலெடுக்க அந்தக் கேபிளில் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். நொடிக்கு 200 மெகாபைட் எழுதும் ஹார்டு டிஸ்க்கைச் சரியான கேபிளில் மாட்டினால் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 5 கிகாபிட் யுஎஸ்பியில் நடைமுறையில் 450 மெகாபைட் வரையிலும், 10 கிகாபிட்டில் 1000 மெகாபைட் வரையிலும் எதிர்பார்க்கலாம். 40 கிகாபிட் தண்டர்போல்ட் அதற்கும் மேலே, ஆனால் ஒரு கல்யாண ஸ்டுடியோவுக்கு அது தேவைப்பட்டு நான் பார்த்ததில்லை. டிஸ்க்கோடு வந்த கேபிளில் ஒரு வண்ண டேப்பைச் சுற்றிப் பெயரெழுதி, அதை அந்த டிஸ்க்கோடே வைத்திருங்கள்.

வாங்கும்போது கேட்க வேண்டியவை

எஸ்எஸ்டிகளில் டிஎல்சி, க்யூஎல்சி என்று இரு வகைகள் பரவலாகக் கிடைக்கின்றன. டிஎல்சியில் ஒரு செல்லில் மூன்று பிட்டும் க்யூஎல்சியில் நான்கு பிட்டும் அடைக்கப்படுகின்றன. நான்கை அடைப்பது மெதுவான வேலை. அதை மறைக்க, எஸ்எஸ்டி தன் காலியிடத்தின் ஒரு பகுதியைத் தற்காலிகமாக ஒரு பிட் முறையில் வேகமாக எழுதிக்கொள்கிறது. பத்து இருபது கிகாபைட் நகலெடுக்கும் சாதாரணப் பயனருக்கு இந்த ஏற்பாடு அருமையானது. நாம் ஒரே மூச்சில் 675 கிகாபைட்டைக் கொட்டுகிறோம். அந்த வேகப் பகுதி நிரம்பியவுடன் சில க்யூஎல்சி எஸ்எஸ்டிகளின் எழுதும் வேகம் ஹார்டு டிஸ்க்குக்கும் கீழே இறங்கிவிடும். வேலை டிஸ்க்குக்கு டிஎல்சி வகையைத்தான் கேட்டு வாங்க வேண்டும். பெட்டியில் எழுதியிருக்காவிட்டால் தயாரிப்பாளரின் விவரக்குறிப்பிலோ, முழு டிஸ்க்கையும் தொடர்ந்து எழுதிச் சோதித்த மதிப்புரைகளிலோ பார்க்கலாம். எந்த எஸ்எஸ்டியானாலும் ஐந்தில் ஒரு பங்கைக் காலியாக விட்டு வையுங்கள்.

ஹார்டு டிஸ்க்கிலும் இப்படியொரு பிரிவு உண்டு. சிஎம்ஆர் வகையில் தடங்கள் தனித்தனியே இருக்கும். எஸ்எம்ஆர் வகையில் கூரை ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறியிருக்கும். நடுவில் ஓர் ஓட்டை மாற்றினால் அடுத்தடுத்த ஓடுகளையும் எடுத்து அடுக்க வேண்டும். ஒரு முறை எழுதி அலமாரியில் வைக்கும் காப்பகத்துக்கு எஸ்எம்ஆர் பரவாயில்லை. தினமும் அழித்து எழுதும் வேலைக்கும், பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டுக்கும் அது ஆகாது. நான் ஒரு முறை விலை மலிவென்று வகை பார்க்காமல் வாங்கிய 8 டெராபைட் டிஸ்க்கில், பழைய கல்யாணங்களை அழித்துவிட்டுப் புதிதாக நகலெடுத்தபோது முதல் அரை மணி நேரம் ஒழுங்காக ஓடியது. பிறகு நொடிக்கு 20 மெகாபைட்டுக்கு விழுந்து இரவு முழுவதும் இழுத்தது. டிஸ்க்கில் பழுதே இல்லை, அதன் இயல்பே அதுதான் என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

ஹார்டு டிஸ்க் நிரம்ப நிரம்ப மெதுவாகும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். தட்டின் வெளிவிளிம்பில் ஒரு சுற்றுக்கு அதிகத் தரவு இருக்கிறது, உள்வட்டத்தில் குறைவாக இருக்கிறது. வெளியே நொடிக்கு 250 மெகாபைட் தரும் டிஸ்க் உள்ளே ஏறத்தாழ பாதியைத்தான் தரும்.

சூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேலூரிலும் திருச்சியிலும் கோடையில் வெளியே 40 டிகிரி இருக்கும்போது, குளிர்சாதனம் இல்லாத அறையில் மூடிய பெட்டிக்குள் இருக்கும் என்விஎம்இ எஸ்எஸ்டி நீண்ட நகலெடுப்பில் மிக எளிதாகச் சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அலுமினிய ஹீட்சிங்க் ஒன்றும், முன்பக்கத்திலிருந்து காற்றை உள்ளிழுக்கும் மின்விசிறி ஒன்றும் போதும். ஹார்டு டிஸ்க்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக இடைவெளியின்றி அடுக்க வேண்டாம்.

ரெய்டு எதற்கு, எதற்கு இல்லை

பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாகக் காட்டும் ரெய்டு முறைக்கு அந்தப் பெயரை 1988இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் தங்கள் ஆய்வுரையில் சூட்டினார்கள். மலிவான சிறு டிஸ்க்குகளை இணைத்தால் விலையுயர்ந்த ஒரு பெரிய டிஸ்க்கின் வேலையை வாங்கலாம் என்பதே அவர்களின் வாதம். எஸ்எஸ்டி வருவதற்கு முன், எடிட்டிங்குக்கு வேகம் வேண்டுமென்றால் வேறு வழியே இருக்கவில்லை. இன்று ஒற்றை என்விஎம்இ எஸ்எஸ்டி அந்தக் காலத்து எட்டு டிஸ்க் ரெய்டைவிட வேகமானது. எனவே வேகத்துக்காக மட்டும் ரெய்டு 0 அமைப்பவர்களைத் தடுக்கவே விரும்புகிறேன். அதில் தரவு துண்டு துண்டாகப் பிரிந்து எல்லா டிஸ்க்குகளிலும் பரவியிருக்கும்; நான்கில் ஒன்று பழுதானாலும் நான்கிலும் உள்ளது போய்விடும். கேச்சுக்கு வேண்டுமானால் செய்துகொள்ளலாம்.

இருவர் மூவர் சேர்ந்து எடிட் செய்யும் அறைக்கு, நான்கு அல்லது ஐந்து டிஸ்க் கொண்ட நாஸ் பெட்டி, அதாவது எல்லாக் கணினிகளும் நெட்வொர்க் வழியே பயன்படுத்தும் டிஸ்க் பெட்டி, பொருத்தமானது. நான்கு 8 டெராபைட் டிஸ்க்குகளை ரெய்டு 5 ஆக அமைத்தால் 24 டெராபைட் கிடைக்கும், ஒரு டிஸ்க் பழுதைத் தாங்கும். ரெய்டு 6 என்றால் 16 டெராபைட், எந்த இரண்டு பழுதானாலும் தாங்கும். ரெய்டு 10 என்றாலும் 16 டெராபைட்தான்; அதில் டிஸ்க்குகள் இரண்டிரண்டாக இணைந்து ஒன்றின் நகல் மற்றொன்றில் இருக்கும். ஒன்று பழுதானால் கட்டாயம் தாங்கும், இரண்டாவது அதன் இணையாக இல்லாதவரை அதையும் தாங்கும், எழுதுவதிலும் வேகமானது. டிஸ்க்குகள் பெரிதாகிவிட்ட இந்தக் காலத்தில் ரெய்டு 5 எனக்கு நெருடலாக இருக்கிறது. பழுதான 16 டெராபைட் டிஸ்க்குக்குப் பதில் புதியதை மாட்டினால், நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் இடைவிடாமல் எழுதினாலும் அது நிரம்ப 22 மணி நேரமாகும். அந்த நேரம் முழுவதும் மற்ற டிஸ்க்குகள் ஓர் எழுத்துப் பிழையில்லாமல் தங்களை முழுதாகப் படித்துக் காட்ட வேண்டும். அவை ஒரே நாளில் ஒரே கடையில் ஒரே பெட்டியிலிருந்து வாங்கியவை என்றால் வயதும் களைப்பும் அவற்றுக்கு ஒன்றே. ஆகவே ரெய்டு 6 அல்லது 10 அமையுங்கள். டிஸ்க்குகளை இரண்டு மூன்று தவணையாக வாங்குங்கள்.

நாஸிலிருந்து நேரடியாக எடிட் செய்யப்போகிறீர்கள் என்றால் நெட்வொர்க்கையும் கணக்கிட வேண்டும். 1 கிகாபிட் இணைப்பில் நடைமுறையில் நொடிக்கு 110 மெகாபைட் வரும், ப்ராக்ஸிக்கும் எச்.264 ஃபுட்டேஜுக்கும் அது போதும், புரோரெஸ் எச்கியூ ஒரே ஒரு காட்சிக்குத்தான் இடம் கொடுக்கும். 2.5 கிகாபிட்டில் 280 மெகாபைட், 10 கிகாபிட்டில் 1000 மெகாபைட்டுக்கு மேல் கிடைக்கும்.

ரெய்டு ஒரு டிஸ்க் பழுதானாலும் வேலை நிற்காமலிருக்க உதவும். அது பிரதி அல்ல. தவறிக் கை பட்டு ஒரு ஃபோல்டரை அழித்தால் ரெய்டு அதை எல்லா டிஸ்க்குகளிலும் ஒரே நொடியில் ஒழுங்காக அழித்துத் தரும். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தாலும், திருடர் பெட்டியையே தூக்கிச் சென்றாலும் நிலைமை அதுதான்.

ஃபார்மேட்டும் மென்பொருள் அமைப்பும்

விண்டோஸில் மட்டும் பயன்படும் டிஸ்க்குக்கு என்டிஎஃப்எஸ். மேக்கில் மட்டும் என்றால் எஸ்எஸ்டிக்கு ஏபிஎஃப்எஸ். இரண்டுக்கும் இடையில் கைமாறும் டிஸ்க்குக்கு மட்டும் எக்ஸ்ஃபேட் போதும். எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல் கிடையாது, அதாவது எழுதப்போவதை முன்கூட்டிக் குறித்துவைக்கும் ஏடு அதில் இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிளைப் பிடுங்கினாலோ மின்சாரம் போனாலோ ஃபோல்டரே காணாமல் போகக்கூடும். முதன்மைப் பிரதியை அதில் வைத்திருப்பவர்கள் இன்றே மாற்றிவிடுவது நல்லது.

புதிதாக வாங்கிய ஹார்டு டிஸ்க்கை உடனே நம்ப வேண்டாம். குவிக் ஃபார்மேட் என்ற குறியை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் செய்யுங்கள். 8 டெராபைட்டுக்குப் பன்னிரண்டு மணி நேரம்வரை ஆகும். ஆனால் பிறவிக் குறையுள்ள டிஸ்க் பல நேரங்களில் அந்த ஓர் இரவிலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும், கடைக்காரரும் மாற்றித் தருவார்.

டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் பிரிஃபரன்சஸ் பகுதியின் மீடியா ஸ்டோரேஜ் பட்டியலில் முதலாவதாக உள்ள டிஸ்க்கைத்தான் கேச்சுக்கும் கேலரி ஸ்டில்களுக்கும் மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. எனவே கேச் எஸ்எஸ்டியை அந்தப் பட்டியலின் முதல் வரிக்குக் கொண்டுவாருங்கள். பிரீமியரில் மீடியா கேச் என்ற பிரிவில் இடத்தை மாற்றி, பழைய கேச் தானாக அழியும்படி நாள் கணக்கையும் குறித்துவிடலாம். விண்டோஸின் பவர் அமைப்பில் ஹார்டு டிஸ்க்கைச் சிறிது நேரத்தில் உறங்கவைக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். உறங்கிய டிஸ்க் விழித்துச் சுழலப் பல நொடிகள் ஆகும், அதுவரை டைம்லைன் உறைந்து நிற்கும்.

ரிசால்வ் பயன்படுத்துபவர்கள் பலர் அறியாத ஒன்று உண்டு. உங்கள் புராஜெக்ட் ஃபுட்டேஜ் ஃபோல்டருக்குள் இருப்பதில்லை; மென்பொருளின் தரவுத்தளத்துக்குள், வழக்கமாகச் சி டிரைவில் இருக்கிறது. ஃபுட்டேஜுக்கு மூன்று பிரதி வைத்திருந்த ஒருவர், சி டிரைவ் போனதும் மூன்று வார எடிட்டிங்கை இழந்ததை அருகிலிருந்து பார்த்தேன். புராஜெக்ட் பேக்கப் வசதியை இயக்கி, அதன் ஃபோல்டரை வேறு டிஸ்க்குக்கு மாற்றுங்கள். மாலையில் எழுந்திருக்கும்முன் புராஜெக்டை ஏற்றுமதி செய்து கிளவுடிலும் ஒன்று போட்டுவிடுங்கள். அது பெரும்பாலும் சில மெகாபைட்தான்.

கார்டிலிருந்து டிஸ்க்குக்கு

மண்டபத்திலிருந்து திரும்பிய களைப்பில் செய்யும் வேலை இது என்பதால் பிழைகள் அதிகமும் இங்கேதான் நடக்கின்றன. சாதாரணமாக காப்பி பேஸ்ட் செய்தால் கணினி எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்ப்பதில்லை. செக்சம் பார்க்கும் மென்பொருளால் நகலெடுங்கள். ரிசால்வின் மீடியா பக்கத்திலேயே குளோன் டூல் இருக்கிறது; விண்டோஸில் டெராகாப்பியில் சரிபார்க்கும் வசதி இருக்கிறது; லினக்ஸிலும் மேக்கிலும் ஆர்சிங்க் உண்டு, ஆனால் நகலெடுத்தபின் அதைச் செக்சம் குறியோடு மறுபடி ஒரு முறை ஓட்ட வேண்டும். மூலக்கோப்பையும் நகலையும் தனித்தனியே படித்து இரண்டுக்கும் ஒரே எண் வருகிறதா என்று இவை பார்க்கும். நேரம் கூடும்தான், ஆனால் அந்த நேரத்தில் நீங்கள் குளித்துச் சாப்பிட்டுவிடலாம்.

ஃபோல்டர் பெயர் நாளில் தொடங்கட்டும்: 2025-02-16, மணமக்கள் பெயர், கேமரா எண், கார்டு எண் என்ற வரிசையில். கார்டின் உள் ஃபோல்டர்களைக் கலைக்காமல் அப்படியே எடுங்கள். வீடியோக் கோப்பை மட்டும் பொறுக்கியெடுத்தால் சில கேமராக்களின் டைம்கோடும் தொடர் பதிவும் அறுந்துபோகும். இரண்டு வெவ்வேறு டிஸ்க்குகளில் சரிபார்த்த பிரதி இருந்தால் மட்டுமே கார்டை ஃபார்மேட் செய்யலாம். அதுவரை அது ஒரு தனி உறையில், மற்ற கார்டுகளோடு கலக்காமல் இருக்க வேண்டும்.

சோதனையும் கண்காணிப்பும்

பிளாக்மேஜிக் டிஸ்க் ஸ்பீட் டெஸ்ட், கிரிஸ்டல் டிஸ்க்மார்க் போன்றவை இயல்பாகச் சில கிகாபைட் எழுதிப் பார்க்கும். எஸ்எஸ்டியின் வேகப் பகுதிக்குள்ளேயே அந்தச் சோதனை முடிந்துவிடுவதால் எல்லா எஸ்எஸ்டியும் முதல் வகுப்பில் தேறிவிடும். உண்மையான சோதனை, ஒரு முழுக் கல்யாணத்தை நகலெடுத்து, நாற்பதாவது நிமிடத்தில் வேகம் என்னவென்று பார்ப்பதுதான். அந்த எண்ணை டிஸ்க்கின் மேலேயே நாளோடு எழுதி ஒட்டுங்கள்; ஆறு மாதம் கழித்து அது பாதியாகியிருந்தால் காரணம் தேடலாம்.

கிரிஸ்டல் டிஸ்க்இன்ஃபோ போன்ற மென்பொருளில் ஸ்மார்ட் விவரங்களை, அதாவது டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் குறிப்புகளை, மாதம் ஒரு முறை பாருங்கள். 05 என்ற வரிசை, கெட்டுப்போனதால் மாற்றிடம் தரப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை; சி5 என்பது படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருப்பவை. இவை பூச்சியத்திலிருந்து ஏறத் தொடங்கிவிட்டால் அந்த டிஸ்க்கிலிருந்து அன்றே எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். சி7 ஏறினால் பெரும்பாலும் டிஸ்க்கில் குற்றமில்லை, கேபிளை மாற்றிப் பாருங்கள். ஆனால் எந்த எச்சரிக்கையும் இல்லாமலே நின்றுபோகும் டிஸ்க்குகளும் உண்டு. ஸ்மார்ட் நன்றாக இருக்கிறது என்பது பிரதி எடுக்காமலிருக்கக் காரணமாகாது.

மின்வெட்டுக்கு யுபிஎஸ் கட்டாயம். அதை நாஸோடு யுஎஸ்பி வழியே இணைத்துவிட்டால், பேட்டரி தீருமுன் நாஸ் தானாக எழுத்தை முடித்துக்கொண்டு அணையும்.

வேறிடத்தில் ஒரு பிரதி

மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்களில், ஒன்று வேறிடத்தில் என்ற விதியைப் பலரும் கேட்டிருப்பீர்கள். சிறிய ஸ்டுடியோவுக்கு இதன் பொருள்: வேலை எஸ்எஸ்டியில் ஒன்று, நாஸிலோ உள் ஹார்டு டிஸ்க்கிலோ ஒன்று, யுஎஸ்பி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, அந்த மூன்றாவது ஸ்டுடியோவில் இருக்கக் கூடாது. 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் வெள்ளம் தரைத்தளங்களுக்குள் புகுந்தபோது, ஒரே அறையில் இருந்த எத்தனை பிரதியானாலும் தண்ணீருக்கு ஒன்றுதான். வீட்டு மாடியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். கடலோர ஊர்களில் அந்தப் பொட்டலத்தை மழைக்காலத்துக்கு முன் மாற்றுங்கள்.

அலமாரியில் வைக்க எஸ்எஸ்டியைப் பயன்படுத்த வேண்டாம். அதன் செல்களில் உள்ள மின்னேற்றம் மின்சாரமின்றிக் கிடக்கும்போது மெல்லக் கசியும், சூட்டில் விரைவாகவே கசியும். எழுதும் ஆயுள் தீர்ந்த சாதாரண எஸ்எஸ்டி, மின்னிணைப்பில்லாமல் 30 டிகிரியில் ஓராண்டு தரவைக் காக்க வேண்டும் என்பதுதான் அந்தத் துறையின் தர விதியே. ஹார்டு டிஸ்க் இதற்கு ஏற்றது. ஆண்டுக்கு நூறு டெராபைட்டுக்கு மேல் சேர்க்கும் பெரிய நிறுவனங்களுக்கு எல்டிஓ என்ற காந்த நாடா (டேப்) பொருந்தும். ஒன்பதாம் தலைமுறை டேப் ஒன்றில் சுருக்காமலேயே 18 டெராபைட் அடங்கும், டேப்பும் மலிவு, ஆனால் அதை ஓட்டும் கருவியின் விலை சிறு ஸ்டுடியோவுக்கு எட்டாது.

எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்பதை வாடிக்கையாளரிடம் முன்பணம் வாங்கும் நாளிலேயே எழுத்தில் சொல்லிவிடுங்கள். வீடியோவை ஒப்படைத்து ஓராண்டுக்குப் பின் மூல ஃபுட்டேஜ் அழிக்கப்படும் என்றோ, விரும்பினால் தனி டிஸ்க்கில் வாங்கிக்கொள்ளலாம் என்றோ இருக்கலாம். அந்த வரி இல்லாததால் பத்து ஆண்டு ஃபுட்டேஜைச் சுமந்துகொண்டு, எதையும் அழிக்கத் துணியாமல், புதுக் கல்யாணத்துக்கு இரண்டாவது பிரதி எடுக்க இடமில்லாமல் தவிக்கும் ஸ்டுடியோக்கள் ஏராளம்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை, மாடியில் உள்ள டப்பாவைத் திறந்து ஏதாவது ஒரு டிஸ்க்கை எடுத்து மாட்டி, அதிலுள்ள ஏதேனும் ஒரு புராஜெக்டைத் திறந்து, எல்லாக் காட்சிகளும் இணைந்து வருகின்றனவா, ஒலி வருகிறதா, எழுத்துரு மாறாமல் இருக்கிறதா என்று ஓட்டிப் பாருங்கள். ஒரு கோப்பு திறக்காவிட்டால் மற்ற பிரதி கையிலிருக்கும்போதே அதைச் சரிசெய்துவிடலாம். பிறகு தேதியை டிஸ்க்கின் மேலுள்ள சீட்டில் எழுதி, மறுபடி டப்பாவில் வைத்து மூடுங்கள்.